இதய நோயில் ஆண்–பெண் வேறுபாடு: நர்ஸ்களுக்குப் பயிற்சி நடத்துவது எப்படி?

கேஷுவாலிட்டி, சிசியு (இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவு), பிரசவ வார்டு நர்ஸ்களுக்கு இந்தத் தலைப்பில் வகுப்பு எடுக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? வழக்கமாக நடப்பது உங்களுக்கே தெரியும். ஒரு டாக்டர் வருவார், அறுபது ஸ்லைடு ஓடும், ஈஸ்ட்ரோஜனில் தொடங்கி உலகப் புள்ளிவிவரத்தில் முடியும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, டீ, பிஸ்கட். மறுநாள் காலை வாந்தியும் முதுகுவலியுமாக வரும் 58 வயது அம்மாவுக்கு அதே பான்டாப்ரசோல் (அசிடிட்டி) ஊசிதான் போகும், ஈசிஜி பிறகு.

இங்கே சொல்லும் முறை 100 முதல் 300 படுக்கை உள்ள தமிழ்நாட்டு மருத்துவமனைக்கு ஏற்றது. நர்ஸின் கை படும் இடங்களை மட்டும் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள்: நோயாளியிடம் கேட்கும் கேள்வி, ஈசிஜி ஒட்டும் இடம், எடை, ஊசியின் அளவு, ஆஞ்சியோ குழாய் (ஷீத்) எடுத்த தொடை, டிஸ்சார்ஜ் பேச்சு. மற்றதை டாக்டர்களுக்கு விட்டுவிடலாம். தயாரிப்புக்கு ஆறு வாரம், வகுப்புகளுக்கு நான்கு வாரம், பின்தொடர மூன்று மாதம் என்று காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் சொந்தப் பதிவேட்டைப் புரட்டுங்கள்

வெளிநாட்டு எண்களைக் காட்டினால் "அங்கே அப்படி" என்று சொல்லிவிடுவார்கள். உங்கள் கேஷுவாலிட்டி எண்ணைக் காட்டினால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

அடுத்தடுத்து வந்த 30 ஆண்கள், 30 பெண்களின் கேஸ் ஷீட்டை எடுங்கள். வயது 35-க்கு மேல். வந்த நேரம், முதல் ஈசிஜி நேரம், முதலில் எழுதிய நோய்க்குறிப்பு, முதலில் கொடுத்த மருந்து ஆகிய நான்கு மட்டும் குறித்தால் போதும். வந்ததிலிருந்து 10 நிமிடத்துக்குள் ஈசிஜி என்பது இலக்கு. ஆண்களுக்கு எத்தனை நிமிடம், பெண்களுக்கு எத்தனை என்று தனித்தனியாக நடுமதிப்பைப் (வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் எண்) பாருங்கள். சராசரி எடுக்காதீர்கள், மூன்று மணி நேரம் கழித்து ஈசிஜி எடுத்த ஒரே கேஸ் மொத்தக் கணக்கையும் இழுத்துவிடும்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. 'நெஞ்சுவலி' என்று பதிவானவர்களை மட்டும் எடுத்தால், தவறவிட்ட பெண்கள் யாருமே உங்கள் பட்டியலில் வரமாட்டார்கள். அவர்கள் 'கேஸ்ட்ரைட்டிஸ்', 'மூச்சுத்திணறல்', 'பலவீனம்' என்ற தலைப்புகளுக்குள் இருப்பார்கள். மேல்வயிற்று வலி, வாந்தி, மூச்சு வாங்குதல், தாடை, தோள், முதுகு வலி, மயக்கம் எல்லாவற்றையும் சேருங்கள். இரண்டாவது, ஈசிஜி இயந்திரத்தின் கடிகாரம். பல இயந்திரங்களில் அது சுவர்க் கடிகாரத்துக்கு இருபது நிமிடம் முன்னோ பின்னோ ஓடும். தணிக்கை தொடங்கும் முன்பே இரண்டையும் ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். பழைய தாள்களில் வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பெயரும் ஐபி (உள்நோயாளி) எண்ணும் உங்கள் தாளில் இருக்கக்கூடாது. இதையே பின்னால் கட்டுரையாக வெளியிடும் எண்ணம் இருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதியை இப்போதே வாங்குங்கள். முடித்த பிறகு போனால் கிடைக்காது.

2. காகித வேலை

நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டுக்கு ஒரு பக்கக் கடிதம்: தலைப்பு, தேதிகள், யார் யார், எத்தனை நிமிடம், வார்டில் மாற்றாள் யார். அந்தக் கடைசி வரி இல்லாத கடிதம் மேசையிலேயே கிடக்கும்.

இதயநோய் நிபுணரிடம் ஒரே ஒரு பக்க நெறிமுறையில் (சிகிச்சை வழிமுறைத் தாளில்) கையெழுத்து வாங்குங்கள். "இந்த அறிகுறிகளோடு வந்தால் டாக்டர் உத்தரவுக்குக் காத்திராமல் நர்ஸே ஈசிஜி எடுக்கலாம்" என்ற வாசகம் அதில் இருக்க வேண்டும். அது இல்லாமல் பயிற்சி கொடுத்துப் பலனில்லை. சிஸ்டருக்குத் தெரியும், ஆனால் செய்ய அதிகாரம் இருக்காது.

லேபுக்கு ஒரு கேள்வி: எந்த டிரோபோனின் (இதயத் தசை சேதத்தைக் காட்டும் இரத்தச் சோதனை) கிட், ஆண்–பெண் வரம்பு தனித்தனியா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

தொடர்கல்வி மணிநேரம் சான்றிதழில் வர வேண்டுமென்றால் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அங்கீகார ஆய்வுக்கு வருபவர்கள் வருகைப் பதிவு, முன்தேர்வு, பின்தேர்வு மூன்றையும் கேட்பார்கள். ஒரே கோப்பில் வையுங்கள்.

செலவு பெரிதில்லை. ஐம்பது பேருக்கு லேமினேட் செய்த அட்டை, ஜெராக்ஸ், ஈசிஜி எலெக்ட்ரோடு, டீ எல்லாம் சேர்த்து 3,000 முதல் 5,000 ரூபாய் ஒதுக்குங்கள். உண்மையான செலவு ட்யூட்டி நேரம்தான். மருந்துக் கம்பெனி 'ஸ்பான்சர்' செய்ய முன்வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். பாடம் அவர்களுடைய மாத்திரையை நோக்கி நகர்ந்துவிடும்.

வகுப்பு 45 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், இரண்டாம் வகுப்பு மட்டும் விதிவிலக்கு. ஒவ்வொன்றையும் மூன்று முறை நடத்துங்கள். நைட் ட்யூட்டி முடித்தவர்களைக் காலையில் பிடித்து உட்கார வைத்தால் தூங்குவார்கள். இரவு 8 மணி ஹேண்டோவருக்கு முன் அவர்களுக்குத் தனியாக எடுங்கள். பல இடங்களில் இரவு ஆட்கள்தான் பயிற்சியில் விடுபடுகிறார்கள். மாரடைப்பு நேரம் பார்த்தா வருகிறது?

3. முதல் வகுப்பு: கேள்வி கேட்கும் விதம்

முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு தவறான நம்பிக்கையை உடைத்துவிடுங்கள். 'பெண்களுக்கு மாரடைப்பில் நெஞ்சுவலி வராது' என்பது சரியல்ல. இரு பாலருக்குமே நெஞ்சில் வலி, அழுத்தம், இறுக்கம்தான் அதிகம் காணும் அறிகுறி. பெண்களிடம் அதோடு மூச்சுத்திணறல், குமட்டல், முதுகு அல்லது தாடை வலி, அளவுக்கு மீறிய அசதி என்று கூடுதலாகச் சேர்ந்து வருகிறது. நெஞ்சுவலியே இல்லாமல் வருவோரின் பங்கும் பெண்களில் சற்று அதிகம். கூட வரும் இந்தக் கூட்டத்தில் நெஞ்சு ஒளிந்துகொள்கிறது. இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால், பயிற்சி முடிந்து போகிறவர்கள் நெஞ்சுவலியோடு வரும் பெண்ணைக் கூட "இது அதில்லை" என்று ஒதுக்கும் ஆபத்து உண்டு.

'வழக்கத்துக்கு மாறான நெஞ்சுவலி' என்று கேஸ் ஷீட்டில் எழுதும் பழக்கத்தை 2021-இல் வந்த அமெரிக்க நெஞ்சுவலி வழிகாட்டுதல் கைவிடச் சொல்கிறது. அதற்குப் பதில் மூன்று: இதயம் சார்ந்தது, இதயமாக இருக்கலாம், இதயம் சார்ந்ததல்ல. ட்ரையாஜ் (அவசரத்துக்கேற்ப நோயாளியை வகைபிரிக்கும்) தாளில் இந்த மூன்று கட்டத்தையும் அச்சடித்துவிடுங்கள்.

அடுத்து, ஜோடி ஜோடியாக நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். "நெஞ்சு வலிக்குதாம்மா?" என்று கேட்டால் நம் ஊர் அம்மாக்களில் பலர் "இல்லை" என்பார்கள். அவர்களுக்கு அது அடைப்பு, கனம், எரிச்சல், படபடப்பு, 'ஒரு மாதிரி'. ஆகவே கேள்விகள் இப்படி இருக்கட்டும்:

"நெஞ்சுக்குள்ள அடைக்கிற மாதிரி, கனமா, இறுக்கமா ஏதாவது இருக்காம்மா?"
"தாடை, தோள், முதுகுக்கு இழுக்குதா?"
"போன வாரம் ஏறின மாடிப்படி இந்த வாரம் ஏற முடியலையா?"
"வேலை செய்யும்போது வந்து, உட்கார்ந்தா குறையுதா?"

நடிப்பில் மூன்றாவதாக ஓர் ஆளைச் சேருங்கள்: எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொல்லும் கணவரோ மகனோ. "நேத்து பரோட்டா சாப்பிட்டா சிஸ்டர், கேஸ்தான்." அவரை மரியாதையாகப் பதிவுக் கவுன்டருக்கு அனுப்பிவிட்டு நோயாளியிடமே கேட்பதுதான் பயிற்சி. உடல் சார்ந்த வேறுபாட்டோடு சேர்த்து, வீட்டில் யார் முடிவெடுக்கிறார்கள், காப்பீட்டு அட்டை யார் கையில், எத்தனை நாள் பொறுத்துக்கொண்டு வந்தார் என்பதும் இந்தப் பாடத்துக்குள் வரும்.

ஆண்களையும் விட்டுவிடாதீர்கள். அசதி, தூக்கமின்மை, மனச்சோர்வு பற்றி ஆண்களிடம் யாரும் கேட்பதில்லை. மாரடைப்புக்குப் பின் அவர்கள் மாத்திரையை விடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

4. இரண்டாம் வகுப்பு: ஈசிஜி ஒட்டும் இடம்

இந்த வகுப்புக்குத்தான் அதிக நேரம் செலவிடுங்கள். தேவைப்பட்டால் 60 நிமிடம். வெட்கம், அவசரம், திரை இல்லாமை எல்லாம் சேர்ந்து எலெக்ட்ரோடை இடம் மாற்றிவிடுகின்றன.

நெஞ்சில் ஒட்டும் ஆறு எலெக்ட்ரோடுகளின் (வி1 முதல் வி6) வரிசை இதுதான். மார்பெலும்பில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினால் ஒரு மேடு தட்டும். அதையொட்டி இரண்டாம் விலா. அங்கிருந்து இறங்கி நான்காம் விலா இடைவெளியில் எலும்பின் வலப்பக்கம் வி1, இடப்பக்கம் வி2. அடுத்து வி4: காரை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழே, ஐந்தாம் இடைவெளி. வி2-க்கும் வி4-க்கும் நடுவே வி3. வி4-இன் அதே மட்டத்தில் முன் அக்குள் கோட்டில் வி5, நடு அக்குள் கோட்டில் வி6. வி4-க்கு முன் வி3 ஒட்டினால் இடம் தவறும்.

மார்பகம் பெரிதாக உள்ளவர்களுக்கு வி4, வி5, வி6 மார்பகத்துக்குக் கீழே போக வேண்டும். தூக்கிப் பிடிக்கப் புறங்கையைப் பயன்படுத்தலாம். அல்லது நோயாளியையே பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். முன்னதாகச் சொல்லுங்கள்: "அம்மா, இந்த ஒயர் சரியா ஒட்டினாத்தான் இதயம் சரியாத் தெரியும். திரை போட்டிருக்கேன், இரண்டு நிமிஷம்தான்." உள்ளாடையைக் கழற்ற வேண்டும், அதன் மேலோ பட்டைக்குள்ளோ செருகக்கூடாது. தாலி, செயினை ஒதுக்கினால் போதும், கழற்றச் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். பிரதர் (ஆண் நர்ஸ்) ட்யூட்டியில் இருந்தால் கூட ஒரு பெண் ஊழியர் நிற்கட்டும். ஆனால் அவர் வரும்வரை அரை மணி நேரம் ஈசிஜி நிற்கக்கூடாது. அதற்கு மாற்று ஏற்பாட்டை நெறிமுறையிலேயே எழுதுங்கள்.

மேலே ஒட்டினால் என்ன ஆகும் என்பதைக் காட்டுங்கள். தன்னார்வலர் ஒருவருக்குச் சரியான இடத்திலும், வி1–வி2-வை இரண்டு இடைவெளி மேலேயும் வைத்து இரண்டு தாள் எடுத்து அருகருகே ஒட்டுங்கள். ஆர் அலை (ஈசிஜியில் மேல்நோக்கிய கூரான அலை) வளராமல், முன்சுவரில் பழைய மாரடைப்பு இருப்பதுபோல் தாளிலேயே தெரியக்கூடும். ஒரு தேவையற்ற எக்கோவும் ஓர் இரவு பயமும் அப்படித்தான் வருகின்றன.

பயிற்சிப் பொம்மைகள் பெரும்பாலும் தட்டையான ஆண் மார்புதான். பழைய உள்ளாடை ஒன்றில் அரைக்கிலோ அரிசிப் பை இரண்டை வைத்துப் பொம்மைக்கு மாட்டுங்கள். டிஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் கருவி) பேடு ஒட்டவும் இதையே பயன்படுத்தலாம்: ஒன்று வலது காரை எலும்புக்குக் கீழே, மற்றொன்று இடது மார்பகத்துக்குக் கீழே பக்கவாட்டில், வெறும் தோலில். மார்பகத்தின் மேல் ஒட்டினால் மின்சாரம் இதயத்துக்குக் குறைவாகப் போகும். நெஞ்சை அழுத்தும் இடம் எல்லோருக்கும் ஒன்றே, மார்பெலும்பின் கீழ்ப்பாதி.

5. மூன்றாம் வகுப்பு, முதல் பாதி: எண்கள்

ஒரே அட்டையில் மூன்று எண் போதும்.

எஸ்டி உயர்வு (மாரடைப்பைக் காட்டும் ஈசிஜி கோட்டின் ஏற்றம்): வி2, வி3-இல் 40 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆணுக்கு 2 மி.மீ., 40-க்குக் கீழ் 2.5 மி.மீ., எந்த வயதுப் பெண்ணுக்கும் 1.5 மி.மீ. மற்ற லீடுகளில் எல்லோருக்கும் 1 மி.மீ. அடுத்தடுத்த இரண்டு லீடுகளில் இருக்க வேண்டும். பெண்ணின் தாளில் 1.5-ஐப் பார்த்துவிட்டு "இரண்டு வரலையே" என்று காத்திருப்பதுதான் இங்கே தவறு.

டிரோபோனின்: உயர்நுண்ணுணர்வு சோதனைகளில் வரம்பு பாலுக்கேற்ப மாறும். அபாட் ஆர்க்கிடெக்ட் டிரோபோனின்-ஐ சோதனையில் பெண்ணுக்கு லிட்டருக்கு 16 நானோகிராம், ஆணுக்கு 34. வேறு கம்பெனி கிட்டுக்கு இந்த எண்ணைப் பொருத்தாதீர்கள். லேப் கொடுத்த கடிதத்தில் உள்ளதே அட்டையில் வரட்டும். உங்களிடம் இரண்டு கோடு தெரியும் அட்டைச் சோதனை மட்டும் இருந்தால், அது சிறிய உயர்வைக் காட்டாது. 'நெகட்டிவ்' என்பதை வைத்து வீட்டுக்கு அனுப்பக்கூடாது. ஈசிஜியையும் சோதனையையும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் திரும்ப எடுக்க வேண்டும்.

க்யூடிசி (ஈசிஜியின் க்யூடி இடைவெளி, நாடிக்கேற்பத் திருத்தியது): ஆணுக்கு 450, பெண்ணுக்கு 460 மில்லிசெகண்டிலிருந்து நீட்சி. கணக்கு ஒன்றைப் போர்டில் போடுங்கள். க்யூடி 410, நாடி 75. ஆர்ஆர் இடைவெளி (இரு துடிப்புக்கு நடுவே உள்ள நேரம்) 0.8 வினாடி, அதன் வர்க்கமூலம் 0.894, 410-ஐ அதால் வகுத்தால் 458. ஆணுக்கு வரம்பு மீறல், பெண்ணுக்கு விளிம்பு. உடனே ஒருவர் "அப்படியானால் பெண்ணுக்குப் பாதுகாப்பு அதிகமா?" என்பார். தலைகீழ். க்யூடிசி நீண்டு, மருந்தால் வரும் டோர்சாட் என்ற ஆபத்தான துடிப்புக்கோளாறு பெண்களிடம்தான் அதிகம். வாந்தி, பேதியோடு வந்த பெண்ணுக்குப் பொட்டாசியம் ஏற்கெனவே குறைவாக இருக்கலாம். அவருக்குக் க்யூடிசியை நீட்டும் மருந்துகளான ஆன்டன்செட்ரான், அசித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின், ஹாலோபெரிடால் ஆகியவற்றில் இரண்டு சேர்ந்தால் மானிட்டரைப் பாருங்கள். 500-ஐத் தொட்டால் யாராக இருந்தாலும் உடனே டாக்டரை அழைக்க வேண்டும்.

6. மூன்றாம் வகுப்பு, இரண்டாம் பாதி: எடை, அளவு, இரத்தக்கசிவு

இரத்தம் உறையாமல் தடுக்கும் சிகிச்சையில் பெண்களுக்குக் கசிவு அதிகம். அதில் ஒரு பகுதி அளவு தவறுவதால் வருவது, அதாவது நம்மால் தடுக்கக்கூடியது. உடல் எடை குறைவு, சிறுநீரகச் செயல்பாடு குறைவு, ஊசி மட்டும் ஒரே அளவு.

போர்டில் போட இன்னொரு கணக்கு: 68 வயது அம்மா, 48 கிலோ, கிரியேட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் இரத்த அளவு) 1.4. 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 × கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். சிறுநீரகம் வடிகட்டும் வேகம் (நிமிடத்துக்கு மி.லி.) 34.3 வருகிறது. பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் 29.1. முப்பதுக்குக் கீழே இறங்கிவிட்டது. எனாக்சபரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி) கிலோவுக்கு 1 மி.கி. 12 மணிக்கொருமுறை என்பது இப்போது 24 மணிக்கொருமுறை ஆகிறது. 0.85 மறந்தால் ஊசி இரட்டிப்பு. கூடவே, இவருக்குத் தேவை 48 மி.கி.; கையில் இருப்பது 60 மி.கி. சிரிஞ்ச். முழுவதும் போட்டால் கால் பங்கு அதிகம். உபரியை வெளியேற்றிவிட்டுப் போடச் செய்துகாட்டுங்கள்.

டெனெக்டிப்ளேஸ் (மாரடைப்பில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி) எடைப்படி: 60 கிலோவுக்குக் கீழ் 30 மி.கி., 60–69 கிலோவுக்கு 35, 70–79-க்கு 40, 80–89-க்கு 45, 90-உம் அதற்கு மேலும் 50. "எடை எவ்வளவு?" என்று உறவினரிடம் கேட்டு எழுதுவது பொதுவான தவறு, 'அறுபது இருக்கும்' என்பார்கள். சக்கர நாற்காலியோடு எடை பார்த்து நாற்காலியைக் கழிக்கும் வழியையாவது கேஷுவாலிட்டியில் ஏற்பாடு செய்யுங்கள்.

ஆஞ்சியோ முடிந்தபின், தொடைவழி செய்த பெண் "இடுப்பு வலிக்குது, முதுகு வலிக்குது" என்றால் தைலம் தடவ வேண்டாம். வயிற்றின் பின்புறம் இரத்தம் தேங்கும்போது வலி அங்கேதான் வரும். தொடையில் வீக்கமே இல்லாமலும் இருக்கலாம். நாடி ஏறுகிறதா, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்து உடனே சொல்லுங்கள். செயல்முறைக்கு முந்தைய ஹீமோகுளோபினை அட்டையின் முகப்பில் எழுதி வையுங்கள். 9-இல் தொடங்குகிறவருக்குக் கசிவைத் தாங்கும் இடம் கொஞ்சம்தான்.

ஸ்டென்ட் வைத்தபின் இரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு மாதவிடாய்ப் போக்கு கூடலாம். சொல்ல வெட்கப்பட்டு மாத்திரையை நிறுத்திவிடுவார், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். டிஸ்சார்ஜ் அன்றே சொல்லிவிடுங்கள்: "தீட்டு அதிகமாப் போச்சுன்னா எங்களுக்குப் போன் பண்ணுங்க, மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க."

7. நான்காம் வகுப்பு: கர்ப்பம், பிரசவம், அதன் பிறகு

பிரசவ வார்டையும் இதயப் பிரிவையும் ஒரே அறையில் உட்கார வையுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தெரிந்துகொள்ள வேண்டியவை.

பிரசவ வார்டுக்கு: கர்ப்பத்தின் கடைசி மாதம் முதல் பிரசவத்துக்குப் பின் ஐந்து மாதம்வரை இதயத் தசை பலவீனமாகும் நோய் வரலாம். 'பிள்ளை பெத்தவளுக்கு அசதி இருக்கத்தான் செய்யும்' என்ற பேச்சில் அது மறையும். படுத்தால் மூச்சு முட்டுகிறதா, இரவில் இருமலா, எத்தனை தலையணை? ஓய்விலேயே மூச்சுத்திணறல், நாடி 120 அல்லது மேலே, மேல் அழுத்தம் 160 அல்லது மேலே, மூச்சு நிமிடத்துக்கு 30 அல்லது மேலே, ஆக்சிஜன் 94 அல்லது கீழே: இவற்றில் ஒன்று இருந்தாலும் இதய டாக்டருக்கு அழைப்பு போக வேண்டும். வாதக் காய்ச்சலால் சுருங்கிய மைட்ரல் வால்வும் கர்ப்பத்தில்தான் முதன்முதலில் தலைகாட்டும். "சின்ன வயசுல மாசாமாசம் இடுப்புல பென்சிலின் ஊசி போட்டுக்கிட்டீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

இதயப் பிரிவுக்கு: கர்ப்பகால இரத்த அழுத்தம், கர்ப்பகாலச் சர்க்கரை, குறைப்பிரசவம், 40-க்கு முன் நின்ற மாதவிடாய் எல்லாம் பிற்கால இதய நோய்க்கான அடையாளங்கள். 50 வயது அம்மாவிடம் இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய பிரசவத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். இளம் பெண், குறிப்பாகப் பிரசவித்த சில வாரங்களில், நெஞ்சுவலியோடு வந்தால் 'இந்த வயசுக்கு வராது' என்பது பொருந்தாது. இதய இரத்தக்குழாயின் உட்சுவர் தானாகக் கிழிவது இவர்களிடம்தான் அதிகம். கருத்தரிக்கும் வயதில் உள்ளவரிடம் கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேட்காமல் ராமிப்ரில், டெல்மிசார்டன், வார்ஃபரின் தரக்கூடாது.

8. திருநர் நோயாளிகள்

இதைத் தனி வகுப்பாக்காமல் நான்காம் வகுப்பின் கடைசி 15 நிமிடத்தில் சேருங்கள். முடிந்தால் ஒரு திருநங்கையையோ திருநம்பியையோ மதிப்பூதியம் கொடுத்துப் பேச அழையுங்கள். எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும் என்று கேளுங்கள், அட்டையில் வேறு பெயர் இருந்தாலும். ஹார்மோன் சாப்பிடுகிறாரா, டாக்டர் எழுதியதா, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய கருத்தடை மாத்திரையா? ஈஸ்ட்ரோஜன் இரத்தக்கட்டி அபாயத்தைக் கூட்டும். டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தின் அடர்த்தியை ஏற்றும். ஸ்பைரோனோலாக்டோன் பொட்டாசியத்தை ஏற்றும். மார்பை இறுக்கிக் கட்டியிருந்தால் ஈசிஜிக்கு முன் தளர்த்த அனுமதி கேளுங்கள். கிரியேட்டினின் கணக்கை 0.85 போட்டும் போடாமலும் இரண்டு முறை செய்து, இரண்டு விடையையும் டாக்டரிடம் கொடுங்கள். நெஞ்சுவலிக்குத் தொடர்பில்லாத அறுவைசிகிச்சை விவரங்களை நோண்டக்கூடாது.

9. தேர்வும் பின்தொடரலும்

நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு கோப்புக்குத்தான். உண்மையான தேர்வு படுக்கையருகில்: அரிசிப்பை பொம்மையில் ஈசிஜி ஒட்டிக்காட்ட வேண்டும், ஒரு கிரியேட்டினின் கணக்கு, உறவினர் இடையூறோடு ஒரு கேள்வி நேரம். ஒருவருக்கு 10 நிமிடம். வி4 தவறினால் அன்றே மறுபடி.

மூன்று மாதம் கழித்து முதல் படியில் செய்த அதே 30–30 தணிக்கையை அதே விதிகளோடு செய்யுங்கள். பெண்களின் ஈசிஜி நேரம் இறங்கியிருக்க வேண்டும்; கூடவே ஆண்களின் நேரம் ஏறவில்லையே என்றும் பாருங்கள். நேரம் மாறவில்லையென்றால் மறுபடி வகுப்பெடுப்பதற்கு முன் மூன்றைச் சரிபாருங்கள்: திரை இருக்கிறதா, இரவில் ஈசிஜி இயந்திரம் பூட்டிய அறையில் இருக்கிறதா, நெறிமுறைக் கையெழுத்து புதிய ட்யூட்டி டாக்டருக்குத் தெரியுமா. பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் இருக்கும்.

நர்ஸ்கள் வேலை மாறிக்கொண்டே இருப்பதால், புதிதாகச் சேர்பவரின் முதல் வாரப் பட்டியலில் இரண்டாம் வகுப்பையும் எடைக் கணக்கையும் மட்டுமாவது சேர்த்துவிடுங்கள். அட்டைகளில் அச்சிட்ட தேதி இருக்கட்டும். லேப் கிட் மாற்றினால் டிரோபோனின் அட்டையை அன்றே கழற்றிவிட வேண்டும்.